நாய்க்குப் பேர் வைக்க அக்காவின் சம்மதம்

எங்கள் நாய் ஜிம்மி செத்த அன்று வேலிக்கு இந்தப் பக்கம் நான் அழுதேன், அந்தப் பக்கம் அக்கா அழுதாள். இரண்டு பேரும் ஊர் கேட்கத்தான் அழுதோம். ஆனால் ஒருத்தியோடு ஒருத்தி ஒரு சொல் கதைக்கவில்லை. கதைக்காமல் விட்டு அப்போது ஒன்பது வருடமாகியிருந்தது.

காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். சிரியுங்கள், எனக்கென்ன. என் மகனின் கலியாணத்துக்குச் சொல்லப் போன நாளில், வாடகைக்குப் பிடித்த வான் பண்டத்தரிப்புப் பக்கம் போகிறதென்று, அங்கேயிருக்கும் என் புருசனின் தமையன் வீட்டுக்கு முதலில் சொல்லிவிட்டேன். அக்கா வீடு பக்கத்து வீடு. அது எங்கே ஓடிவிடப் போகிறது, பின்னேரம் சொல்லலாம் என்று நினைத்தேன். அதற்குள் யாரோ ஒரு புண்ணியவான் அவளுக்குப் போனில் சொல்லிவிட்டான். நான் தட்டத்தோடு போய் நிற்க, "கூடப்பிறந்தவளுக்கு ரெண்டாவதாத்தான் சொல்லுவியோ? நல்லாயிருக்கடி" என்றாள். என் வாயும் சும்மா இருக்கிற வாயில்லை. "ஓம், நீ பெரிய மகாராணி, உனக்குத்தான் முதல் சொல்லவேணும்" என்று சொல்லித் தட்டத்தை வாசலில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். கலியாணத்துக்கு வந்தாள். கடைசி வரிசையில் இருந்தாள். ஒரு வாய் சாப்பிடாமல் போனாள். அடுத்த நாள் விடிய வேலியில் இருந்த பொட்டை அடைத்தாள்.

பொட்டு என்பது வேலியில் ஆள் குனிந்து போய்வருகிற இடைவெளி. எங்கள் இரண்டு வீட்டுக்கும் அதுதான் வழி. கறிச்சட்டி, பேப்பர், ஊர்க்கதை எல்லாம் அதால்தான் போய்வந்தன. அக்கா அதை மேலிருந்து தென்னோலைக் கிடுகு வைத்துக் கட்டினாள். ஆனால் அடியில் ஒரு முழம் விட்டாள். நாய் போய்வர.

அந்த ஒரு முழத்தால்தான் நாங்கள் ஒன்பது வருடம் கதைத்தோம். ஜிம்மி எங்கள் நாய்தான், ஆனால் விடியப் பாண் இங்கே தின்றுவிட்டு மத்தியானம் சோறு அக்காவிடம் தின்பான். ஆகவே அவன் பொது. அவனுக்கு யாரும் எதுவும் சொல்லலாம். இதைச் சாடை கதைக்கிறது என்பார்கள். மற்ற இடங்களில் சாடை கதைப்பது குத்திக்காட்டுவதற்கு. எங்கள் வீட்டில் அதிலேயே குடும்பம் நடந்தது.

"ஜிம்மி, நாளைக்கு எட்டு மணியிலையிருந்து கறண்ட் வெட்டாமடா. தண்ணியை இண்டைக்கே ஏத்திவைக்கோணும்" என்று நான் அவனுக்குச் சொல்லுவேன். அவன் காலைத் தூக்கிக் காது சொறிவான். கொஞ்ச நேரத்தில் அந்தப் பக்கம் மோட்டர் ஓடும். பிறகு அக்காவின் குரல் வரும்: "ஜிம்மி, உன்ரை வீட்டுக்காரி ரெண்டு நாளா இருமுறாள். கொத்தமல்லி அவிச்சுக் குடிக்கத் தெரியாதோ அவளுக்கு? வயசு மட்டும் போனால் காணுமே?" நான் கொத்தமல்லி அவிப்பேன், ஜிம்மிக்குக் கேட்கத் திட்டிக்கொண்டே. அத்தான் மோசம்போன செய்தியும் எனக்கு அவன் மூலம்தான் வந்தது. "ஜிம்மி, அத்தான் போட்டாரடா" என்றாள் அக்கா. நான் செத்த வீட்டுக்கு ஓடினேன், அவளைக் கட்டிப்பிடித்து அழுதேன், எட்டாம் நாள் சடங்கு முடிய மறுபடியும் நாயோடு கதைத்தோம். விசர்தான். எனக்குத் தெரியாதா?

இப்போது அந்த நாய் இல்லை. அக்காவிடம் எட்டுக் கோழிகள் இருக்கின்றன, உண்மை. ஆனால் அவை அவளுடைய கோழிகள். அவளுடைய கோழியோடு நான் கதைத்தால், நான்தான் முதலில் இறங்கி வந்ததாகிவிடும். அது நடவாது. இருபது நாள் வேலி ஊமையாகக் கிடந்தது. அந்தப் பக்கம் பாத்திரம் விழுந்தால் நான் எழும்பி நிற்பேன். பிறகு இருந்துவிடுவேன். அவளில்லாமல் எனக்கு ஏலாது என்று அந்த இருபது நாளில்தான் தெரிந்தது. அதைச் சொல்வதற்கும் ஒரு நாய் இல்லை.

என் முகத்தைப் பார்க்கச் சகிக்காமல் இவர் நெல்லியடியில் ஒரு சிநேகிதன் வீட்டிலிருந்து குட்டி ஒன்றை பஸ்ஸில் மடியில் வைத்துக் கொண்டுவந்தார். வேட்டி நனைந்திருந்தது. "இந்தாரும், உமக்கும் கொக்காவுக்கும் புது ரெலிபோன்" என்றார். கொக்கா என்று அவர் சொல்வது என் அக்காவைத்தான்.

குட்டிக்குப் பேர் வைக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல். பேர் வைப்பது நாங்கள், கூப்பிடப்போவது அக்காவும். அவளுக்குப் பிடிக்காத பேரை வைத்தால் அவள் வாய் திறக்க மாட்டாள். அவளிடம் கேட்கவும் முடியாது. ஆகவே வேலியோரம் நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டுப் பார்த்தேன், உப்புக் காணுமா என்று கறியை நாக்கில் விட்டுப் பார்ப்பதுபோல.

"ஜிம்மி!" என்றேன் முதலில்.

அந்தப் பக்கம் அக்கா கோழிகளிடம் சொன்னாள்: "கேட்டியளே? செத்தவன்ரை பேரைத் தூக்கி உயிரோடை இருக்கிறதுக்கு வைக்கினமாம்."

ஐயோ கடவுளே, எனக்கு வந்த சந்தோசம்! திட்டுத்தான், ஆனால் குரல். அடுத்த நாள் "முத்து!" என்றேன். "பீ தின்னிற நாய்க்குப் பேர் முத்துமாலையாம்" என்று கோழிகளுக்குச் செய்தி போனது. கனடாவிலிருக்கும் மகனைக் கேட்டேன். "ஸ்னோ எண்டு வையுங்கோ அம்மா" என்றான். அவனுக்கு அங்கே கண் முன்னால் வேறென்ன இருக்கிறது? குட்டியோ கரிச்சட்டிக் கறுப்பு. கூப்பிட்டுப் பார்த்தேன். "எங்கடை வெயிலுக்கை ஸ்னோவாம்!" என்று அக்கா சிரித்தது எனக்குக் கேட்டது. இவர் "டைகர்" என்றார். எங்கள் ஊரில் புலியின் பேரை ரோட்டில் நின்று சத்தம் போட்டுக் கூப்பிட எனக்கு இன்னும் நா எழும்பாது, வேண்டாம் என்றேன். "வைரவன்" என்று நானே நினைத்து நானே கன்னத்தில் போட்டுக்கொண்டேன். சாமியின் பேரைச் சொல்லி எப்படி "சனியனே, செருப்பை விடு" என்பது?

பன்னிரண்டு நாளில் வேலியோரம் கூப்பிட்ட பேர் மொத்தம் ஏழு. ஏழையும் அக்கா தள்ளினாள். உண்மையைச் சொன்னால், அவள் தள்ளத் தள்ள எனக்கு நல்லாயிருந்தது.

பதின்மூன்றாம் நாள் இவர் மானிப்பாய்க் கடையிலிருந்து வந்து சைக்கிளைச் சாத்தாமலே நின்றார். "கொக்காவுக்கு விசா வந்திட்டுதாம். மகளிட்டைப் போறாவாம், ஒரேயடியா. கடைக்காரன் சொல்லுறான்" என்றார்.

கடைக்காரனுக்குத் தெரியும், எனக்குத் தெரியாது. பிறகு விளங்கியது: அவள் எப்படிச் சொல்லுவாள்? சொல்ல நாய் எங்கே? தன் கோழிகளிடம் என்னைத் திட்டலாம், எனக்கொரு சேதி சொல்வதென்றால் பொது நாய்தான் வேண்டும். பேரில்லாத நாயைக் கூப்பிட்டு என்னவென்று சொல்லுவது? என்று போகிறாள் என்றும் தெரியவில்லை. இந்தக் கோதாரி விழுந்த பேரை நான் கெதியாக வைத்திருந்தால் எனக்கு முதலிலேயே தெரிந்திருக்கும்.

அடுத்த நாள் விடிய குசினி வாசலில் இருந்து முருங்கையிலை உருவிக்கொண்டிருந்தேன். குட்டி என் சேலைத் தலைப்பில் நித்திரை. பொட்டடியில் செருப்புச் சத்தம் கேட்டது. கிடுகுக்குப் பின்னால் அக்கா.

"ஜிம்மி" என்றாள். குட்டி அசையவில்லை.

"முத்து... ஸ்னோ..."

தான் தள்ளிய பேரையெல்லாம் அவள் ஒவ்வொன்றாகக் கூப்பிட்டாள். ஏழு பேர் கேட்டு வளர்ந்த நாய் எதற்கு எழும்பும்? நான் பெருவிரலால் அதன் விலாவில் குத்தினேன். "போவன்டா, கூப்பிடுறாளெல்லே" என்று கிசுகிசுத்தேன். அது மல்லாந்து படுத்து வயிற்றைக் காட்டியது.

"டேய்!" என்றாள் அக்கா. அது ஒரு கண்ணைத் திறந்து மூடியது.

அதோடு அவளுக்குப் பொறுமை போயிற்று.

"எடியே! அந்த நாய்க்கு ஒரு பேரை வைச்சுத் துலையன்டி! நான் வியாழக்கிழமை போறனடி!"

முருங்கையிலை முழுக்க நிலத்தில். எனக்குத்தான் சொன்னாள். நாய்க்கில்லை, கோழிக்கில்லை. ஒன்பது வருடத்துக்குப் பிறகு "டி" என்றாள்.

"நீயே ஒண்டை வையன், அக்கா" என்றேன்.

"உன்ரை நாய்க்கு நான் ஏன்டி வைக்கோணும்?" என்றவள் அழத்தொடங்கினாள்.

நான் ஓடிப்போய்க் கிடுகைப் பிய்த்து எறிந்துவிட்டுப் பொட்டுக்குள் தலையையும் ஒரு தோளையும் விட்டேன். மற்றத் தோள் வரவில்லை. ஒன்பது வருடத்தில் வேலிக் கதியால் மரங்களும் பருத்துவிட்டன, நானும் பருத்துவிட்டேன். முன்னுக்கும் போகவில்லை, பின்னுக்கும் வரவில்லை. அக்கா அழுதபடியே என் தலையைப் பிடித்துத் தள்ளினாள். "படலையாலை வாவன்டி, விசரி! ரோட்டாலை வாவன்!"

வாசல் படலையால் போனேன். வெறுங்காலோடு ரோட்டில் இறங்கி இருபது அடி நடந்தால் அவளுடைய படலை. அவ்வளவுதான் தூரம்.

வியாழக்கிழமை வரைக்கும் மூன்று நாள் இருந்தது. மூன்று நாளும் இரண்டு பேரும் ஒரு நேரத்தில் கதைத்தோம், ஒருத்தி சொன்னது மற்றவளுக்குக் கேட்கவில்லை. எட்டுக் கோழிகளையும் என்னிடம் தந்தாள். வானில் ஏறி இருந்துகொண்டு, "நாய்க்கு ஒரு நல்ல பேரா வை, என்ன?" என்றாள். நான் தலையாட்டினேன்.

இப்போது நாய்க்கு ஒன்றரை வயது. விசர்நாய்த் தடுப்பூசி போடக் கொண்டுபோனபோது அட்டை எழுதின பிள்ளை பேரைக் கேட்டது. "இன்னும் வைக்கேல்லை" என்றேன். அது என்னையும் நாயையும் மாறிமாறிப் பார்த்துவிட்டு ஒரு கோடு போட்டது. "ஒரு பேரை வையுமப்பா, வெக்கமாக் கிடக்கு" என்கிறார் இவர்.

ஞாயிற்றுக்கிழமைகளில் அக்கா போன் எடுப்பாள். முதல் கேள்வி, "பேர் வைச்சிட்டியோ?" என்பதுதான். அங்கே அவளுக்குக் கதைக்க ஆளில்லை. மகள் வேலைக்குப் போய்விடுவாள், ஜன்னலுக்கு வெளியே ஒரே வெள்ளை. கிழமை முழுக்கப் பேர் யோசிக்கிறாளாம்.

போன ஞாயிறு, "மணி எண்டு வையன்" என்றாள். நல்ல பேர். நாய்க்கு அச்சாவாகப் பொருந்தும்.

"சீ, அது சரிவராது அக்கா" என்றேன்.

"உனக்கு ஒண்டும் பிடியாது. சரி போனை வை, வாற ஞாயிறு வேறை ஒண்டு சொல்லுறன்" என்றாள்.