மூச்சு வாங்க விடாதவள்

குன்வோருக்கு வலது முழங்காலில் புது மூட்டு வைத்துப் பதினொரு மாதம் ஆகியிருந்தது. "சமதளமாகப் பார்த்துப் போங்கள், விழுந்து மட்டும் வைக்காதீர்கள்" என்று மருத்துவர் பனிச்சறுக்குக்கு அனுமதி கொடுத்த நாளிலிருந்து அவள் ஈஸ்டரை எதிர்பார்த்து நாள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஈஸ்டர் விடுமுறையில் மலைக்குடிலுக்குள் சும்மா உட்கார்ந்திரு என்று ஒரு நார்வேக்காரியிடம் சொல்வது, பட்டினி கிட என்று சொல்வது போலத்தான். வயது அறுபத்தெட்டு என்றாலும்.

புனித வெள்ளியன்று காலை தங்கை சிக்னேயுடன் கிளம்பினாள். கணவர் எய்லெவ் வாசலில் நின்று அவள் பையில் ஆரஞ்சுப் பழங்களைப் போட்டார். அவர் பனிச்சறுக்கை விட்டுப் பல வருடம் ஆகிவிட்டது. "நீங்க போயிட்டு வாங்க, நான் காபி போட்டு வைக்கிறேன்" என்பதோடு அவருடைய ஈஸ்டர் முடிந்துவிடும்.

ஏரிக்கரை வரை கால் சொன்னபடி கேட்டது. குன்வோருக்குச் சந்தோஷத்தில் கண் கலங்கியது. மருத்துவர் சொன்னதை அதோடு மறந்துவிட்டு மேட்டில் ஏறினாள். சிக்னே விறுவிறுவென்று முன்னால் போய், உச்சியில் ஊன்றுகோல்களில் சாய்ந்து வெயில் காய்ந்தாள். நாக்குத் தள்ளக் குன்வோர் போய்ச் சேர்ந்தாள்.

"வந்துட்டியாக்கா? சரி, கிளம்பலாம்!"

சொன்னவள் போயே விட்டாள். அடுத்த மேட்டிலும் அதே கதை. மூன்றாவது மேட்டில் சிக்னே ஒரு முழு ஆரஞ்சைத் தின்று முடித்து, தோலைப் பைக்குள் போட்டுக்கொண்டு எழுந்தாள்.

"அடியே, நில்லுடி! நீ கால் மணி நேரமா உக்காந்து தின்னாச்சு. நான் இப்பத்தான் வர்றேன். நான் எப்ப மூச்சு வாங்குறது?"

சிக்னே சிரித்துவிட்டாள். "யாரு பேசுறதுன்னு பாரு! உங்கிட்ட கத்துக்கிட்டதுதானே இது. அத்தான் பாவம், வேர்த்து விறுவிறுத்து வந்து சேருவாரு. உடனே நீ 'ஆமை வந்தாச்சு, நடங்க'ம்ப. அவரு நின்னு ஒரு சுளை தின்னு நான் பார்த்ததில்ல."

குன்வோருக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பது வருடம். ஒவ்வொரு ஈஸ்டரும், ஒவ்வொரு மேடும். அவர் இனி வரவில்லை என்று சொன்னபோது சோம்பேறி என்று நினைத்தாள். இனி வேகமாகப் போகலாம் என்று உள்ளூர நிம்மதியும் பட்டாள். நினைக்க நினைக்க வெட்கமாக இருந்தது. நாளைக்கு அவரையும் கூட்டிவந்தே தீருவது என்று அங்கேயே திரும்பினாள்.

சீக்கிரமே குடிலுக்குத் திரும்பி வந்தவளைப் பார்த்து எய்லெவ் பதறிப்போனார். "என்னாச்சு? மூட்டு வலிக்குதா?"

"மூட்டுக்கு ஒண்ணுமில்ல. நாளைக்கு நீயும் வா, எய்லெவ். ஏரியைச் சுத்தி மட்டும். நானும் இனிமே ஆமைதான். நீ போதும்னு சொல்ற வரைக்கும் உக்காந்திருக்கலாம்."

அவர் காபியை ஊற்றி முடித்தார்.

"எங்கிட்ட சறுக்குப் பலகையே இல்லையே, குன்வோர்."

"கொட்டகையில மாட்டியிருக்குமே?"

"பள்ளிக்கூட பேண்டு வாத்தியக்காரங்க நிதிக்காகப் பழைய சாமான் விற்பனை போட்டப்ப குடுத்துட்டேன். பூட்ஸையும் சேர்த்து. எட்டு வருஷமாச்சு."

"அதுக்கென்ன, புதுசு வாங்கலாம்."

"வேணாம். எனக்கு இந்த ஜன்னலோரமே பழகிப்போச்சு."

"குடுத்ததை எங்கிட்ட ஏன் சொல்லல?"

"பலகை மாட்டுற என் ஆணி காலியாத்தானே இருந்துச்சு. நீயா கேப்பேன்னு இருந்தேன்."

அந்த ஆணி குன்வோருக்கு நன்றாகத் தெரியும். காலியாகக் கிடக்கிறதே என்று எட்டு வருடமாகத் தன் இரண்டாவது ஜோடிப் பலகையை அவள் அதில்தான் மாட்டிவருகிறாள்.