எண்பதுக்கு மேல் ஏற்றியது யார்

எங்கள் வீட்டில் இரண்டு கார்கள், இரண்டும் மின்சாரத்தில் ஓடுபவை. சார்ஜ் ஏற்றும் பெட்டி மட்டும் ஒன்றுதான், அதுவும் மெதுவாக ஏற்றும் ரகம். குன்னூர் மேட்டில் இருக்கும் பழைய வீடு இது. இன்னொரு பெட்டி மாட்டினால் வயரிங் தாங்காது என்று எலக்ட்ரீஷியன் கையை விரித்துவிட்டார். அதனால் சாயங்காலம் ஆனால் அந்த ஒற்றை வயருக்காக என் கணவரும் மகளும் முறைத்துக்கொள்வார்கள். யார் முதலில் வந்தது, யார் செருகியது, யார் கேட்காமல் பிடுங்கியது என்று தினமும் ஒரு விசாரணை நடக்கும்.

பெரிய கார் கணவருடையது. ஊட்டியில் அவருக்கு அலுவலகம். சின்ன கார் மகளுடையது. மேட்டுப்பாளையத்தில் ஒரு கண் மருத்துவமனையில் பார்வை பரிசோதிக்கும் வேலை அவளுக்கு. காலையில் மலையிறங்கிப் போவாள், மாலையில் ஏறி வருவாள். அந்த ஏறி வருவதற்காகத்தான் அவளுக்குக் கார் வாங்கினோம். வேலைக்குச் சேர்ந்தபோதே கீழே ஒரு அறை எடுத்துத் தங்கிக்கொள்கிறேன் என்று கேட்டாள். நான் சம்மதிக்கவில்லை. ஒரே பிள்ளை, ராத்திரி இந்தக் கூரையின் கீழ் இருக்க வேண்டும் என்பதைத் தவிர எனக்கு வேறு எதுவும் வேண்டியிருக்கவில்லை.

கணவர் தன் காரை எப்போதும் நூறு வரை ஏற்றுவார். எண் நூறைத் தொட்டால்தான் அவருக்குத் தூக்கம் வரும். மகளோ எண்பது ஆனதும் வயரைப் பிடுங்கிவிடுவாள். வயர் சும்மா கிடந்தாலும், அப்பா ஊரில் இல்லாவிட்டாலும் எண்பதுதான். எனக்கு முதலில் உறுத்தியது இதுதான். கிடைப்பதை ஏன் ஒருத்தி வேண்டாம் என்கிறாள்?

நான் ஒரு தேயிலை ஃபேக்டரி அலுவலகத்தில் இலை எடைப் பதிவேடு பார்க்கிறேன். தோட்டத்தில் நிறுத்த எடை ஒன்றாக இருக்கும், ஃபேக்டரி வாசலில் நிறுத்தால் வேறொன்றாக இருக்கும். வழியில் ஈரம் காய்ந்துவிட்டது என்பார்கள். காய்ந்தது எவ்வளவு, கைமாறியது எவ்வளவு என்று கண்டுபிடிப்பதுதான் என் பிழைப்பு. இருபது வருடமாக இதைச் செய்பவளின் கண் எதைப் பார்த்தாலும் குறைவைத்தான் முதலில் தேடும்.

மகளின் காரிலும் தேடினேன். கணவர் ஊட்டிக்குப் போய்த் திரும்புவது முப்பத்தாறு கிலோமீட்டர், அதற்குப் பதினான்கு சதவீதம் செலவாகும். மகள் போய் வருவது அறுபத்தாறு. அப்படியானால் இருபத்தாறு சதவீதம் போக வேண்டும். ஆனால் எண்பதில் கிளம்பும் கார் நாற்பத்துநான்கில் வந்து நிற்கும். தினமும் பத்து சதவீதம் காணவில்லை.

“அந்தப் பத்து எங்க போகுது கண்ணு?” என்று ஒருநாள் கேட்டேன்.

“ஏறும்போது தின்னுரும்மா.”

“அப்பா காரும் மலையிலதான ஓடுது?”

“இங்கிருந்து ஊட்டி ஏறறதும், அடிவாரத்துல இருந்து இங்க ஏறறதும் ஒண்ணா? ஆனா எறங்கும்போது தன்னால கொஞ்சம் ஏறிக்கும். அதுக்கு எடம் விடோணும்னுதான் எண்பதுல எடுக்கறேன்.”

ஓட ஓட நிறைகிற கார். இந்த வயதில் என் காதில் பூச்சுற்றுகிறாளே என்று நினைத்தேன். அப்போது சிரித்து வைத்தேன்.

அதற்குப் பிறகு ஐப்பசியில் ஒரு ராத்திரி காற்றும் மழையுமாக இருந்து, விடிய விடிய மின்சாரம் இல்லை. அதற்கு முந்தின ராத்திரியும் வயர் வெகுநேரம் கணவர் காரிலேயே இருந்துவிட்டதால், மறுநாள் காலை அவள் காரில் முப்பதுதான் இருந்தது. கீழே எங்காவது போட்டுக்கொள்கிறேன் என்று கிளம்பிவிட்டாள். மாலை ஆறு மணிக்கு போன் வந்தது.

“அம்மா, இங்க சார்ஜ் போடற எடத்துல மெஷின் ரிப்பேர். முப்பத்திரெண்டுதான் இருக்குது. மேல ஏறாது. கூட வேலை செய்யற அக்கா ஊட்டுல தங்கிட்டு நாளைக்கு வாரேன்.”

“அந்த அக்காகிட்ட குடு, ஒரு வார்த்தை பேசறேன்.”

“அவங்க குளிக்கப் போயிருக்காங்கம்மா.”

போனை வைத்ததும் கணக்குப் போட்டேன். வீட்டுக்கு வர முப்பத்துமூன்று கிலோமீட்டர். பதின்மூன்று சதவீதம் போதும். முப்பத்திரண்டு இருக்கிறது, ஏறாது என்கிறாள். அதைவிடப் பெரிய ஓட்டை ஒன்று இருந்தது. காலையில் முப்பதில் கிளம்பிய கார், அவ்வளவு தூரம் ஓடிய பிறகு முப்பத்திரண்டு எப்படிக் காட்டும்? எங்கேயோ சார்ஜ் போட்டிருக்கிறாள். அப்படியானால் மெஷின் ரிப்பேர் பொய், குளிக்கப் போன அக்காவும் பொய்.

கணவரிடம் சொன்னேன். “ஏனுங்க, இந்தப் புள்ள எதையோ மறைக்குதுங்க.”

“உனக்கு ஃபேக்டரியில மூட்டை பாத்துப் பாத்து வந்த வியாதி இது,” என்றார். பிறகு, “ஆனா போன வாரம் என் வயரை அவதான் புடுங்கியிருப்பா, அதைக் கேளு,” என்றார்.

ஒரு வாரம் யோசித்தேன். சார்ஜ் பத்தாது என்ற பேச்சுக்கே இடம் இருக்கக் கூடாது. காரை நூறுக்கு நிரப்பிவிட வேண்டும், கூடவே நானும் போய் அவள் எங்கே போகிறாள், வருகிறாள் என்று பார்த்துவிட வேண்டும். கண்ணாடி மாற்ற வேண்டும், எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று அவளிடம் சொன்னேன். வியாழக்கிழமை வரச் சொன்னாள்.

வியாழன் காலை வழக்கம்போல ஐந்து மணிக்கு எழுந்தேன். பால் அடுப்பில் இருக்கும்போதே ஆணியில் தொங்கிய இரண்டு சாவிகளையும் எடுத்துக்கொண்டு வெளியே போனேன். பனியில் வயர் பாம்புபோலச் சில்லென்றிருந்தது. கணவர் காரிலிருந்து பிடுங்கி மகள் காரில் செருகினேன். ஏழு மணிக்குள் நூறு ஆகிவிட்டது. சத்தமில்லாமல் மறுபடி கணவர் காரில் மாட்டிவிட்டு வந்து தோசை வார்த்தேன்.

மகள் காரில் உட்கார்ந்ததும் திரையைப் பார்த்தாள்.

“இதை யாரு நூறு வரைக்கும் ஏத்துனது?”

“அப்பாவா இருக்கும்,” என்றேன்.

“எத்தன தடவ சொல்றது அவருக்கு.” மணி பார்த்தாள். “சரி, மெதுவாப் போயிக்கலாம்.”

ஊரைத் தாண்டி மலைப்பாதையில் இறங்கத் தொடங்கினோம். அவளோடு முன்பு போயிருக்கிறேன். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்தாலே கார் யாரோ பின்னாலிருந்து பிடித்து இழுப்பதுபோல வேகம் குறையும். பிரேக்கைத் தொடவே மாட்டாள். அன்று ஆக்சிலரேட்டரை விட்ட பிறகும் கார் வேகம் குறையாமல் ஓடியது. பிரேக்கை மிதித்தாள். அடுத்த வளைவில் மறுபடி மிதித்தாள். முன்னால் ஒரு சுற்றுலா வேன், பின்னால் ஒரு காய்கறி லாரி. நான்கைந்து வளைவுகளுக்கு அவள் கால் பிரேக்கிலேயே இருந்தது. எப்போதும் பாட்டுப் போடுகிறவள் அன்று போடவில்லை.

துணி கருகுவதுபோல ஒரு வாசனை வந்தது.

“என்ன நாத்தம்?” என்றேன்.

“பேசாதம்மா.”

அடுத்த கொண்டை ஊசி வளைவில் கீழிருந்து ஓர் அரசுப் பேருந்து ஏறி வந்தது. அவள் மிதித்தாள். பிரேக் உள்ளே போய்க்கொண்டே இருந்ததைப் பக்கத்திலிருந்து பார்த்தேன். கார் நிற்கவில்லை. வலப்பக்கம் பள்ளம், எதிரே பஸ்ஸின் முகம். அவள் ஸ்டியரிங்கை இடப்பக்கம், மலையை நோக்கி ஒடித்தாள். பக்கக் கண்ணாடி மண்சுவரில் இடித்து மடங்கியது. கார் சுவரை உரசிக்கொண்டே போய், சாலையோர ஓடைக்குள் ஒரு சக்கரம் இறங்கி நின்றது.

இதை எழுதும்போதும் என் வலது பாதம் தரையை அழுத்துகிறது.

முன்சக்கரங்களிலிருந்து புகை வந்தது. எங்களுக்கு அடி இல்லை. பஸ்ஸிலிருந்து கண்டக்டர் இறங்கி வந்து எங்களை எட்டிப் பார்த்தார். உயிரோடு இருக்கிறோம் என்று தெரிந்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது.

“ஏனுங்க, ரெண்டாவது கியர்ல எறங்கோணும்னு வளைவுக்கு வளைவு போர்டு வெச்சிருக்குதே, கண்ணுல படலீங்களா?”

“இதுல கியரே இல்லீங்கண்ணா,” என்றாள் மகள்.

“கியர் இல்லாத வண்டிய எதுக்குங்க மலைக்குக் கொண்டாந்தீங்க?”

அவரும் பயணிகள் சிலருமாகக் காரைத் தூக்கி ஓரமாக விட்டார்கள். “புள்ளைய அதட்டாதீங்கம்மா, நல்லாத்தான் ஒடிச்சிருக்குது,” என்று என்னிடம் சொல்லிவிட்டு விசில் ஊதினார். பஸ் போனது.

மகள் மறுபடி ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்துக் காருக்குள் ஹீட்டரை முழு வேகத்தில் வைத்தாள், விளக்குகளையும் போட்டாள், நான்கு கண்ணாடிகளையும் இறக்கிவிட்டாள்.

“என்ன பண்ற?”

“சார்ஜை வீணாக்கறேன். பேட்டரி நெறஞ்சிருந்தா எறங்கற வேகத்தைப் புடிச்சு வெக்க அதுக்குள்ள எடமில்லம்மா. புடிக்க எடமில்லைன்னா காரு புடிக்காது, விட்டுரும். அப்புறம் பிரேக் மட்டுந்தான், அது சூடாகி இப்படி ஆயிரும். கொஞ்சம் தீர்ந்து, பிரேக்கும் ஆறுனாத்தான் எறங்க முடியும்.”

கணவர் தினமும் நூறோடு கிளம்பியும் எதுவும் ஆனதில்லை. எங்கள் கேட்டைத் தாண்டியதும் அவருடைய சாலை மேலே ஏறுகிறது, அவளுடையது கீழே இறங்குகிறது. இரண்டு கார்களையும் ஒரே வாசலில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு இது தோன்றவே இல்லை.

திரையில் தொண்ணூற்றொன்பது ஆனது. அவள் அப்பாவுக்கு போன் போட்டாள், ஸ்பீக்கரில்.

“அப்பா, என் காரை எதுக்குங்கப்பா நூறு ஏத்துனீங்க?”

“நானா? என் காரே எண்பத்தெட்டுலதான் நிக்குது. உன்ற வேலைதான அது?”

“நான் நைட்டு எண்பதுல எடுத்து உங்களுதுல மாட்டிட்டுத்தான் படுத்தேன்.”

“அப்ப காலையில அஞ்சு மணிக்கு யாரு புடுங்குனது? என் போன்ல நேரம் வந்திருக்குதே, அஞ்சு நாலுன்னு. அஞ்சு மணிக்கு இந்த ஊட்டுல எந்திரிக்கற ஆளு...” அவர் அங்கேயே நிறுத்திவிட்டார்.

மகள் போனை அணைத்தாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தொண்ணூற்றெட்டு.

“நான்தான்,” என்றேன். “சார்ஜ் இல்லைன்னு சொல்லி நீ கீழயே தங்கிடக் கூடாதுன்னு.” முப்பத்திரண்டு, பதின்மூன்று, காணாமல் போகும் பத்து என்று என் கணக்கை எல்லாம் சொன்னேன். ஹீட்டர் காற்று முகத்தில் அடித்தது. வெளியே ஒரு குரங்கு மடங்கிய கண்ணாடியை நிமிர்த்தப் பார்த்தது.

“அப்பாவா இருக்கும்னு சொன்னியே,” என்றாள். “அதைத்தாம்மா என்னால தாங்க முடியல.”

தொண்ணூற்றுநான்கு வரும்வரை உட்கார்ந்திருந்தோம். பிறகு ஒரு நத்தையின் வேகத்தில் இறங்கினோம். மேட்டுப்பாளையத்தில் மெக்கானிக் ஒருவர் சக்கரங்களைக் கழற்றிப் பார்த்து, ஓட்டலாம் என்றார். மருத்துவமனையில் மகள் என்னை இருட்டறை நாற்காலியில் உட்காரவைத்து, கண்ணருகே விளக்கைக் கொண்டுவந்து, எழுத்துகளைப் படிக்கச் சொன்னாள். எல்லாவற்றையும் படித்தேன்.

“கண்ணு நல்லாத்தான் இருக்குது. கண்ணாடி மாத்த வேண்டியதில்ல,” என்று சீட்டில் எழுதினாள். பக்கத்து அறையிலிருந்து, ஈரத்தலையோடு இல்லை, வெள்ளைக் கோட்டோடு ஓர் அம்மாள் வந்து, “அன்னிக்கு எங்க ஊட்டுல இவ சரியாவே சாப்பிடலீங்கம்மா, உங்க நெனப்புத்தான்,” என்றார். நான் சீட்டை மடித்துப் பைக்குள் வைத்தேன்.

மாலையில் தொண்ணூற்றேழோடு ஏறத் தொடங்கினோம். காலையில் கீழே வந்து சேர்ந்தபோது, இறங்கியதிலேயே தொண்ணூற்றுநான்கின் மேல் அந்த மூன்று கூடியிருந்தது. நான் சாலையைப் பார்க்கவில்லை, எண்ணைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வளைவுக்கு வளைவு அது விழுந்தது. எங்கள் கேட்டில் அறுபது. முப்பத்தேழு சதவீதத்தை மலை தின்றிருந்தது. அன்று அவளிடம் இருந்தது முப்பத்திரண்டு. மழையில், பாதி மலையில், இருட்டில் நின்றுபோயிருப்பாள்.

காரை அணைத்துவிட்டு அவள் சொன்னாள். “ஒரு ரூம் பாத்து வெச்சிருந்தேன். நீ சங்கடப்படுவேன்னு வேண்டாம்னுட்டேன். இப்ப எடுத்துக்கறேம்மா. கோவத்துல சொல்லல. ஒருத்தர் தெனமும் என் பர்சன்ட்டை எண்ணிட்டு உக்காந்திருக்காங்கன்னு தெரிஞ்சா, என்னால ஏறி வர முடியாது.”

இப்போது திங்கள் முதல் வியாழன் வரை அவள் கீழே இருக்கிறாள். ஞாயிறு சாயங்காலம் அவள் காருக்குச் சார்ஜ் ஏறும்போது எண்பதில் வயரைப் பிடுங்குவது என் பொறுப்பு. அவளே கொடுத்தாள். “நீயே எடு. அப்பத்தான் யாரு எடுத்தாங்கன்னு கேக்க மாட்டே,” என்றாள்.

போன வெள்ளிக்கிழமை அவள் வந்து உள்ளே போனதும் நான் வெளியே போனேன். காரை அணைத்த பிறகும் கொஞ்ச நேரம் திரையில் எண் தெரியும். முப்பத்தொன்று. கீழே இருக்கும் நாட்களில் அறைக்கும் மருத்துவமனைக்கும் நடந்தே போகிறேன் என்கிறாள். அப்படியானால் நாற்பத்தைந்தாவது இருக்க வேண்டும்.

பையை எடுக்க வெளியே போய் வந்தவள் அடுப்படி வாசலில் நின்றாள்.

“எத்தன இருந்துச்சு?”

“என்ன எத்தன?”

“கார் கண்ணாடியில மூச்சுக்காத்து பட்டுப் பனிச்சிருக்குது. உன்ற உயரத்துக்கு.”

“முப்பத்தொண்ணு,” என்றேன்.

“ம்,” என்றாள். முறுக்கு டப்பாவைத் திறந்துகொண்டு உள்ளே போய்விட்டாள்.

பதினான்கு எங்கே என்று நாக்கு நுனி வரை வந்தது. கேட்கவில்லை. சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே போய் வயரை எடுத்து அவள் காரில் செருகினேன். எண்பதாக நான்கு மணி நேரம் ஆகும். அதற்குள் கணவரின் கார் கேட்டுக்குள் நுழைந்தது. வயர் எங்கே இருக்கிறது என்று பார்த்தவர், இறங்காமலே ஹாரனை அழுத்தினார்.