இங்கிலீஷில் சாப்பிட்ட நாய்

தெரு நாயிடம் தமிழில் பேசுவோம், காசு கொடுத்து வாங்கிய நாயிடம் இங்கிலீஷில் பேசுவோம். கள்ளக்குறிச்சியில் நான் பார்த்தவரை இதுதான் வழக்கம். பெற்ற பிள்ளையை 'வாடா எருமை' என்று கூப்பிடுகிறவர்கள்கூட வீட்டு லேப்ரடாரிடம் 'கம்', 'சிட்' என்று கலெக்டர் மாதிரிப் பேசுவார்கள். என் மகளும் எங்கள் நாயை அப்படித்தான் பழக்கினாள்.

வீட்டிலிருந்தே வேலை பார்த்த காலத்தில் அவள் வாங்கி வந்த நாய் அது. அவள் அப்பா இறந்து வருஷம் திரும்பியிருக்கவில்லை. வீடு வெறிச்சென்று கிடக்கிறது, துணைக்கு ஒரு உயிர் இருக்கட்டும் என்றாள். சமையலறைக்குள் வரக் கூடாது என்று நான் போட்ட சட்டம் ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. காவலுக்கும் லாயக்கில்லை. சிலிண்டர் போட வருகிறவரைக் கண்டால் சம்பந்தி வீட்டு ஆள் வந்த மாதிரி வாலை ஆட்டி, அவர் செருப்பைக் கவ்விக்கொண்டு உள்ளே அழைத்து வரும்.

பிறகு மகளுக்குக் கனடாவில் வேலை கிடைத்தது. அவள் சென்னை ஏர்போர்ட்டுக்குப் போன காரில் உளுந்தூர்பேட்டை வரை நானும் போய், அங்கே இறங்கி பஸ் பிடித்துத் திரும்பினேன். கேட்டைத் திறந்ததும் நாய் ஓடி வந்தது. என்னைத் தாண்டிப் போய்த் தெருவைப் பார்த்துக்கொண்டு நின்றது. எனக்குக் கோபம்தான் வந்தது. நான் ஒருத்தி வந்திருக்கிறேனே!

அன்றிலிருந்து சாப்பாட்டைத் தொடவில்லை. லேப்ரடார் என்றால் தீனிப் பண்டாரம். அதுவே சோற்றை முகர்ந்துவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டது. மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். டாக்டர் பார்த்துவிட்டு, "உடம்புக்கு ஒண்ணுமில்லம்மா, ஏக்கம்தான்" என்றார்.

எதிர் வீட்டுக்காரம்மாவுக்கு வேறு சந்தேகம். "நீங்க தமிழ்ல சொன்னா அதுக்கு இன்னா புரியும்? உங்க பொண்ணு மாதிரி இங்கிலீஷ்ல சொல்லிப் பாருங்க."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. 'ஈட், ஈட்' என்று கெஞ்சினேன். என் இங்கிலீஷைக் கேட்டு அது கொட்டாவி விட்டது.

கடைசியில் மகளுக்கே வீடியோ கால் போட்டேன். இங்கே சாயங்காலம், அங்கே அவள் வேலைக்குக் கிளம்புகிற நேரம். அவள் குரலைக் கேட்டதும் நாய் எழுந்தது. அவள் 'ஈட்' என்றாள், தட்டைக் காலி செய்தது. அப்புறம் தினமும் சாயங்காலம் போன் வந்தது. நாய் சாப்பிடும் வரை என்னோடும் பேசுவாள். குளிருக்கு என்ன போட்டுக்கொண்டாள், என்ன சமைத்தாள், எல்லாம் சொல்வாள். அந்தப் பேச்சுதான் எனக்கு நாள் முழுவதற்கும். மற்ற நேரத்தில் நானும் நாயும் மொட்டை மாடிக்குப் போவோம். மேற்கே கல்வராயன் மலை தெரியும். அதையும் எவ்வளவு நேரம்தான் பார்த்துக்கொண்டிருப்பது?

ஒரு நாள் காலையில், வீடெல்லாம் அது உதிர்த்த முடியைப் பெருக்கிப் பெருக்கி இடுப்பு விட்டுப்போன எரிச்சலில், "இந்தா, தின்னு தொலையேன் சனியனே" என்று தயிர்ச் சோற்றை அதன் முன்னால் வைத்தேன். மளமளவென்று தின்றுவிட்டு இன்னும் கொஞ்சம் வேண்டும் என்பதுபோல் என் முகத்தைப் பார்த்தது.

சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ பக்கென்றது. இது தானாகச் சாப்பிடுகிறது என்று தெரிந்தால் அவள் எதற்குத் தினமும் போன் பண்ணப் போகிறாள்?

மகளிடம் மூச்சுவிடவில்லை. காலையில் தயிர்ச் சோறு, மத்தியானம் முட்டையும் சோறும். சாயங்காலம் போனில், "பாவம்டி, காலையிலேருந்து பட்டினி" என்பேன். நாயும் எனக்கு ஒத்துழைத்து, பட்டினி கிடந்தது போலவே பாய்ந்து பாய்ந்து சாப்பிடும்.

உடம்பு காட்டிக்கொடுத்துவிட்டது. "இன்னாமா இது, பட்டினி பட்டினின்னு சொல்ற, பீப்பா மாதிரி ஊதிக்கினு இருக்கான்?" என்று ஒரு நாள் கேட்டாள். நான் சட்டென்று போனை என் பக்கம் திருப்பினேன். அவள் சிரித்துவிட்டாள். "அப்பாடா! தானாவே சாப்பிடுறான்ல? நான்தான் தெனமும் பதறிக்கினு ஓடியாந்தேன். சரிமா, இனிமே ஞாயித்துக்கிழமை கூப்பிடறேன்."

அவள் குரலில் அப்படி ஒரு நிம்மதி. அவளைக் குறை சொல்ல முடியாது. ஆனாலும் போனை வைத்த பிறகு எனக்கு அழுகை வந்தது.

மறுநாள் சாயங்காலம் நாய் தன் பாட்டுக்குச் சாப்பிட்டுவிட்டு மின்விசிறிக்குக் கீழே படுத்தது. நானும் தட்டில் சோறு போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். பிசைந்தேனே தவிர வாயில் வைக்க மனசில்லை. இடது கையால் போனை எடுத்து நானே கூப்பிட்டேன்.

பஸ்ஸுக்குக் கிளம்பி, கோட்டும் குல்லாயுமாக வாசலில் நின்றிருந்தாள். "இன்னாமா, சாப்பிடலியா அவன்?"

"சாப்ட்டான்."

"அப்புறம் இன்னா?"

"எனக்குத்தான் எறங்கல."

அவள் குல்லாயைக் கழற்றிவிட்டு அங்கேயே தரையில் உட்கார்ந்தாள்.

"போனை நிமித்தி வைமா. தட்டு தெரியட்டும்."

நிமிர்த்தி வைத்தேன். அவளுக்கு வேலைக்கு நேரமாகிக்கொண்டிருந்தது. தெரிந்தும் நான் மெதுவாகத்தான் சாப்பிட்டேன்.