நடுவிலே ஒரு கதிரை

போன ஞாயிறு எங்கள் தமிழ்ச் சங்கத்தின் பொதுக்கூட்டம், தலைவர் தெரிவும் அன்றுதான். பலேர்மோ நகரின் கபோ சந்தைக்குப் பின்னால் இருக்கிறதே, அந்தப் பழைய மண்டபத்தில்தான். நான் போய்ச் சேர்ந்தபோது உட்கார இடமில்லை. இல்லை, பிழையாகச் சொல்கிறேன். இடப்பக்கம் கதிரைகள் காலியாக இருந்தன. வலப்பக்கமும் இருந்தன. ஆனால் எங்கள் சங்கத்தில் கதிரை என்பது வெறும் கதிரை இல்லையே.

இடப்பக்கம் இப்போதைய தலைவர் திருச்செல்வம் அண்ணையின் ஆட்கள். வலப்பக்கம், அவரிடம் தோற்ற முன்னாள் தலைவர் குணம் அண்ணையின் ஆட்கள். நீங்கள் எந்தப் பக்கம் உட்காருகிறீர்களோ, அதுதான் உங்கள் கட்சி. கால் வலிக்கிறது என்று உட்கார்ந்தாலும் சரிதான்.

நான் என்ன செய்தேன்? ஒரு கதிரையைத் தூக்கிவந்து நடுப்பாதையில் போட்டு உட்கார்ந்தேன்.

"தங்கச்சி, வழியை மறைக்கிறியள்" என்றார் குணம் அண்ணை.

"இஞ்சாலை இருந்து அங்காலை ஆர் அண்ணை போகினம்?" என்றேன்.

எனக்குத் தெரிய, அந்தப் பாதையைத் தாண்டி யாரும் போனதில்லை.

என் இந்தப் பத்தியைத் தவறாமல் வாசிக்கிறவர்களுக்குத் தெரியும் – ஊரில், இலங்கையில், ஜனாதிபதித் தேர்தல் என்றால் இங்கே பலேர்மோவில் எங்களுக்குத் தூக்கம் போய்விடும். சிஞ்ஞோரா – எங்களுக்கு வேலை தரும் இத்தாலிய அம்மா – வீட்டில் தரை துடைக்கும்போதும் காதில் ஹெட்போன். ஜனாதிபதி இதைச் செய்தார், அதைச் செய்யவில்லை என்று நாள் முழுக்க விசாரணை. அவர் என்ன செய்தார் என்று பார்த்துவிட்டா தீர்ப்புச் சொல்கிறோம்? அவர் எந்தக் கட்சி என்று கேட்டாலே எங்களுக்குப் போதும். அதிலும் வேடிக்கை, இங்கிருந்து அங்கே ஓட்டுப் போட முடியாது. இத்தாலியிலோ, குடியுரிமை எடுக்காத எங்களிடம் யாரும் ஓட்டுக் கேட்பதில்லை. ஆக, நாங்கள் கை தூக்கித் தெரிவுசெய்யக்கூடிய ஒரே ஜனாதிபதி இந்தச் சங்கத் தலைவர்தான். அந்த ஒரு வாக்கையும் கண்ணை மூடிக்கொண்டு போடச் சொல்கிறீர்களா?

கூட்டம் தொடங்கியது. முதல் குற்றச்சாட்டு – விளையாட்டுப் போட்டி மழையால் நின்றுபோனது. "திட்டமிடத் தெரியாத தலைவர்" என்றார்கள் வலப்பக்கத்தார். "மழைக்குத் தலைவர் என்ன செய்வார்?" என்றார்கள் இடப்பக்கத்தார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. குணம் அண்ணை தலைவராக இருந்தபோதும் இதே போட்டி மழையால் நின்றது. அன்றைக்கும் இதே இரண்டு வசனங்கள்தான், ஆட்கள்தான் மாறிச் சொன்னார்கள். அடுத்த குற்றச்சாட்டு பொங்கல் பேனரில் தலைவரின் படம் பெரிதாக இருந்தது பற்றி. அதற்கு அரை மணி நேரம் போனது.

என் கதிரைக்குப் பின்னால் யோகம் அக்கா வந்து நின்றார். அவர் ஒரு வயதான சிஞ்ஞோராவின் வீட்டில் தங்கி, அந்த அம்மாவைப் பார்த்துக்கொள்கிறவர். "தங்கச்சி, வியாழக்கிழமையைப் பற்றி ஒருத்தரும் கதைக்கேல்லையே" என்றார் மெல்லிய குரலில்.

விஷயம் இதுதான். வீட்டோடு தங்கி வேலை செய்யும் பெண்களுக்கு ஞாயிறும் வியாழன் பின்னேரமும்தான் ஓய்வு. அதனால் சங்கத்தின் இத்தாலிய மொழி வகுப்பு எப்போதும் வியாழனில் நடந்தது. திருச்செல்வம் அண்ணை தலைவராக வந்ததும் அதைச் சனிக்கு மாற்றினார். பிரான்காச்சோப் பகுதியில் அவருக்கு மோட்டார் சைக்கிள் திருத்தும் கடை. சனி பின்னேரம் கடை பூட்டு. மண்டபத்தைத் திறக்க அவருக்கு வசதி. யோகம் அக்காவின் வகுப்பு அதோடு போனது. அந்த மொழிப் பரீட்சையில் பாஸ் பண்ணினால்தான் அவர் நீண்டகால பெர்மெஸ்ஸோவுக்கு, அதாவது குவெஸ்தூரா என்ற பொலிஸ் அலுவலகம் தரும் வதிவிட அனுமதிக்கு, விண்ணப்பிக்கலாம். இல்லாவிட்டால்? சிஞ்ஞோராவுக்குத் தொண்ணூறு தாண்டிவிட்டது. அவர் கண்ணை மூடினால் யோகம் அக்காவின் வேலை போகும், படுக்கிற இடம் போகும், கையில் இருக்கும் சாதாரண பெர்மெஸ்ஸோவும் ஆட்டம் காணும்.

இதைவிடவா பேனர் பெரிது? எனக்குக் கோபம் வந்தது. எழுந்தேன்.

"திருச்செல்வம் அண்ணை, குவெஸ்தூராவிலை பாஷை தெரியாத ஆக்களோடை விடியவே போய் வரிசையிலை நிக்கிறதுக்கு ஆள் ஒழுங்கு செய்தியள். ஒரு தலைவரும் செய்யாத வேலை அது. ஆனா வியாழக்கிழமை வகுப்பை நிப்பாட்டினது பெரிய பிழை. வீட்டோடை நிக்கிற பெம்பிளையளை நீங்கள் நினைச்சே பாக்கேல்லை."

முதல் பாதிக்கு இடப்பக்கம் கைதட்டியது. இரண்டாம் பாதிக்கு வலப்பக்கம். முழுவதையும் கேட்டவர் யோகம் அக்கா மட்டும்தான் என்று நினைக்கிறேன். உடனே வலப்பக்கத்திலிருந்து எனக்கு ஒரு தேத்தண்ணியும் இரண்டு ரோல்ஸும் வந்தன. மறுப்பேனா? வாங்கிக்கொண்டேன்.

ரோல்ஸைக் கடித்தபடி குணம் அண்ணையைக் கேட்டேன். "நீங்கள் வந்தால் வியாழன் வகுப்பைத் திரும்ப வைப்பியளோ?"

"முதல்லை உவரை இறக்குவம், பிள்ளை. மிச்சத்தைப் பிறகு பாப்பம்."

போதும். வாக்கெடுப்பில் நான் திருச்செல்வம் அண்ணைக்கே கை தூக்கினேன். குவெஸ்தூரா வேலைக்காகத்தான் தூக்கினேன். வேறு காரணம் இல்லை. அவர் வென்றார். "ரோல்ஸைத் திண்டுபோட்டு அங்காலை கையைத் தூக்குறா" என்று வலப்பக்கத்தில் ஒரு குரல் கேட்டது. அப்படியானால் என் வாக்கின் விலை இரண்டு ரோல்ஸா? அதுவும் மரக்கறி ரோல்ஸ்.

இடப்பக்கத்தார் ஓடிவந்து கை குலுக்கினார்கள். "நீங்கள் எங்கடை ஆள் எண்டு தெரியும்" என்றார்கள். "அப்ப வியாழக்கிழமை?" என்று கேட்டேன். குலுக்கிய கைகள் மெல்ல விலகின. தலைவர் மட்டும் நின்று, "பாப்பம் தங்கச்சி" என்றார். எங்கள் ஆட்கள் 'பாப்பம்' என்றால் பார்க்க மாட்டார்கள் என்பது உங்களுக்குச் சொல்லியா தெரியவேண்டும்?

கெட்டிக்காரத்தனமாக வாயை மூடிக்கொண்டிருக்கலாம். பக்கம் சாராதவர்களிடம் எல்லோரும் எதிர்பார்ப்பது அதைத்தானே? நடுவில் இருப்பவர் அமைதியாக இருக்கவேண்டும், நல்லவராகச் சிரிக்கவேண்டும், இரண்டு பேருக்கும் தலையாட்டவேண்டும். எனக்கு அது வராது. நான் நடுவில் உட்கார்ந்தது இரண்டு பக்கமும் நல்ல பெயர் வாங்க இல்லை. இரண்டு பேரையும் கேள்வி கேட்க.

வியாழன் பின்னேரம் யோகம் அக்காவும் நானும், அவரைப் போலவே வீட்டோடு வேலை செய்யும் இன்னும் சில பெண்களும் மண்டபத்துக்குப் போனோம். வகுப்பு எடுக்கும் ஓய்வுபெற்ற இத்தாலிய ஆசிரியையும் வந்தார். மண்டபம் பூட்டியிருந்தது. படிக்கட்டு பூட்டியிருக்கவில்லை. படிகளிலேயே உட்கார்ந்து வகுப்பைத் தொடங்கினோம். சந்தைக்குப் போய்வந்த சனம் நின்று பார்த்தது. யோகம் அக்காவுக்கு முதலில் வெட்கம். பிறகு, மீன் விற்கிறவர்களுக்கே கேட்கும்படி பாடத்தைச் சத்தமாக வாசித்தார்.

செய்தி எப்படித்தான் போனதோ, கொஞ்ச நேரத்தில் தலைவர் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையெல்லாம் கிரீஸ். எங்களைப் பார்த்தார், பூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்குத்தானே கையைத் தூக்கினனீங்கள்? இப்ப சந்தைச் சனத்துக்கு முன்னாலை என்ரை மானத்தை வாங்குறியள். உண்மையைச் சொல்லுங்கோ, நீங்கள் ஆரின்ரை பக்கம்?"

"வியாழக்கிழமையின்ரை பக்கம், அண்ணை. திறப்பைத் தாங்கோ."

கிரீஸ் கையாலேயே சாவிக்கொத்தை எடுத்து, மண்டபத் திறப்பைக் கழற்றினார். பிறகு தந்தார்.

திறப்பு இப்போது யோகம் அக்காவின் கைப்பையில் கிடக்கிறது. பரீட்சை முடியும்வரை அங்கேதான் கிடக்கும் – எந்தத் தலைவர் வந்தாலும், போனாலும்.