படாத உதை

தலைமன்னார்த் துறையில் மஹ்மூதுக்கு வேலை, பிறர் சொன்னதை மாற்றிச் சொல்வது. இந்தியாவிலிருந்து கப்பலில் வந்திறங்கும் தோட்டத் தொழிலாளரை டொக்டர் பென்றோஸ் சோதித்துப் பார்ப்பார். அவர் இங்கிலீசில் கேட்பதை மஹ்மூது தமிழில் கேட்பார். அவர்கள் தமிழில் முனகுவதை இங்கிலீசில் திருப்பித் தருவார். பதினொரு வருஷம் இப்படியே போயிற்று. காய்ச்சலா, வெறும் களைப்பா என்று தீர்மானிப்பவர் டொக்டர்தான். அந்தப் பாரம் தன் தலையில் இல்லாதது மஹ்மூதுக்கு நிம்மதியாகவே இருந்தது.

டொக்டருக்கு றக்பி என்றால் உயிர். மாரி ஓய்ந்து மண் இறுகியதும், ஸ்டேசனுக்குப் பின்னால் உள்ள வெளியில் ஆட்டம் தொடங்கும். ஒரு பக்கம் ரயிலில் வேலை செய்த, ஒல்லாந்தர் வழிவந்த பறங்கியர். மறுபக்கம் கப்பலின் வெள்ளைக்கார அதிகாரிகள். பக்கத்துக்குப் பதினைந்து பேர் தேறாது, பத்துப் பேரோடு ஆடுவார்கள். ஊரார் அதை முட்டைப்பந்து என்றார்கள். டொக்டர் மத்தியஸ்தர், கோட்டோரம் கொடி பிடித்து ஓடுவது மஹ்மூது. இரண்டு வருஷம் ஓடியதில் ஆட்டத்தின் சட்டதிட்டம் அவருக்கு ஓரளவு பிடிபட்டிருந்தது.

1927ஆம் வருஷம் மாசி மாதம், ஆட்டத்துக்கு முதல்நாள், டொக்டரைக் கொழும்புக்கு அழைத்துத் தந்தி வந்தது. அவருக்குப் பதிலாக மத்தியஸ்தம் பார்க்க ரயில்காரர் நிறுத்திய ஆளைக் கப்பல்காரர் ஏற்கவில்லை. கப்பல்காரர் சொன்ன ஆளை ரயில்காரர் ஏற்கவில்லை. கடைசியில் இரு பக்கமும் ஒத்துக்கொண்ட ஒரே பெயர் மஹ்மூது.

"நான் கொடி பிடிக்கிறவன் மட்டும்தான், சேர்," என்றார் அவர்.

"நீ யாருக்கும் சொந்தமில்லை. அது போதும்," என்று சொல்லி, விசிலையும் ஒரு மெல்லிய சட்டப் புத்தகத்தையும் கொடுத்துவிட்டு டொக்டர் ரயிலேறினார்.

முதல் பாதி ஒழுங்காகவே போயிற்று. ஒருமுறை மட்டும் மூன்று கழுதைகள் நடுவே வந்து நின்றன. அவற்றைத் துரத்திவிட்டு ஆட்டத்தைத் தொடர்ந்தார்கள். இரண்டாம் பாதியில், ரயில் கார்ட் எரிக் யான்ஸ் பந்தின் மேல் விழுந்து கிடந்தான். கப்பலின் இரண்டாம் அதிகாரி கேர் ஓடிவந்த வேகத்தில் அவன் தலையைப் பார்த்துக் காலை வீசினான். யான்ஸ் சட்டென்று உருண்டான். சப்பாத்து மண்ணில் புதைந்து, ஒரு கூடை மணல் பறந்தது.

மஹ்மூது விசிலை ஊதிவிட்டார். ஊதிய பிறகுதான், அடுத்து என்ன சொல்வதென்று தெரியவில்லை.

"எதற்கு விசில்?" என்றான் கேர். "நான் அவனைத் தொட்டேனா?"

"இல்லை, சேர்."

"தொடாத உதைக்குத் தண்டனையா? எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?"

உதைத்தால், அடித்தால், காலைத் தட்டி விழுத்தினால் குற்றம் என்று புத்தகத்தில் இருந்தது. உதைக்கப் பார்த்தால் என்று எங்காவது இருந்ததா? முதல்நாள் முழுக்க வாசித்தும் அப்படி ஒரு வரி கண்ணில் பட்டதாக ஞாபகமில்லை. அவர் யான்ஸைப் பார்த்தார். யான்ஸ் கண்ணிலிருந்த மணலைத் துடைத்துக்கொண்டு சிரித்தான். "விடுங்கோ மாஸ்டர், ஒண்டும் படேல்ல," என்றான்.

சரி, படவில்லை. இரு பக்கமும் தோள் கோத்துத் தள்ளி ஆட்டத்தைத் தொடரட்டும் என்றார் மஹ்மூது. கேருக்கு ஓர் எச்சரிக்கைகூடச் சொல்லவில்லை.

பத்து நிமிஷம் போயிருக்காது. அதே யான்ஸ் விழுந்தான். அதே கேர் காலை வீசினான். இந்த முறை யான்ஸுக்கு உருள நேரமில்லை. தாடை முறிந்த சத்தம் கோட்டோரம் நின்றவர்களுக்கும் கேட்டது. மஹ்மூது கேரை வெளியே அனுப்பினார். கப்பல்காரர் உட்பட எல்லோரும் கைதட்டினார்கள். "துணிச்சலான தீர்ப்பு," என்று யாரோ அவர் முதுகில் தட்டினார்கள்.

அந்தக் கைதட்டல்தான் அவரை மிகவும் குழப்பியது. அதே மனிதன், அதே கால், அதே குறி. முதல்முறை கேர் தப்பியது, யான்ஸ் உருண்டதால். அப்படியென்றால் கேரின் குற்றத்தை யான்ஸின் சுறுசுறுப்பை வைத்தா அளந்தேன்?

மறுநாள் காலை, மீன் கழுவிக்கொண்டிருந்த மனைவி ஸுஹறாவிடம் எல்லாவற்றையும் சொன்னார்.

"நான் உங்கட தலைக்குக் கல்லெறிஞ்சு, கல்லு தவறினா, பேசாம போவீங்களோ?" என்றாள் அவள்.

"போகமாட்டன்."

"பிறகென்ன?"

"ஆனா கெட்டதை நினைச்சுப் போட்டுச் செய்யாம விட்டவனுக்குப் பாவம் எழுதப்படாதெண்டு சொல்லுவினமே."

ஸுஹறா கத்தியைக் கீழே வைத்தாள். "அவன் விட்டவனில்ல. தவறவிட்டவன்."

மஹ்மூதுக்கு அது சரியாகப்பட்டது. ஆனால் அவளே கொஞ்சம் யோசித்துவிட்டு, "எண்டாலும் தாடை உடைச்சவனுக்கும் மண்ணை உதைச்சவனுக்கும் ஒரே தண்டனை எண்டா, அதுவும் நியாயமாத் தெரியேல்ல," என்றாள். தெளிந்தது மறுபடி கலங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை முடிந்ததும் மன்னார் ஆஸ்பத்திரிக்குப் போனார். யான்ஸின் தாடையைச் சுற்றிக் கட்டியிருந்தார்கள், பேச முடியாது. மடியில் ஒரு சிலேட்டு இருந்தது.

"அண்டைக்கு முதல் உதைக்கே நான் கேரை வெளிய அனுப்பியிருக்கோணும்," என்றார் மஹ்மூது.

யான்ஸ் நீண்ட நேரம் எழுதினான். 'நான் சிரித்தேன். நீங்கள் அதைப் பார்த்தீர்கள். நான் சிரித்திருக்கக் கூடாது.'

ஆறுதலுக்குத்தான் எழுதினான். மஹ்மூதுக்கோ இன்னொரு சந்தேகம் கூடிற்று. யான்ஸ் சிரிக்காமல் கத்தியிருந்தால் நான் வேறு தீர்ப்புச் சொல்லியிருப்பேனா? சொல்லியிருப்பேன் என்றே தோன்றியது. அப்படியானால் அதுவும் பிழை.

பங்குனியில் அடுத்த ஆட்டம். டொக்டர் திரும்பி வந்திருந்தும், இரு பக்கமும் மஹ்மூதையே கேட்டன. டொக்டர் சிரித்துக்கொண்டு கொடியை வாங்கிக்கொண்டார். ஆட்டம் தொடங்குமுன் மஹ்மூது இருபது பேரையும் நடுவில் கூப்பிட்டார். பிறர் சொல்லாத ஒன்றை இங்கிலீசில் சொல்வது அவருக்குப் பழக்கமில்லை.

"ஆளைக் குறிவைத்துக் கையையோ காலையோ வீசினால், பட்டாலும் படாவிட்டாலும் எதிர்ப்பக்கத்துக்குத் தண்டனை உதை. தலையைக் குறிவைத்தால், படாவிட்டாலும் வெளியே."

எல்லோரும் தலையாட்டினார்கள். கேர்கூடத் தலையாட்டினான்.

ஆட்டம் முடியச் சில நிமிஷங்கள் இருக்கும்போது அது நடந்தது. ரயில்பக்கம் பீலிங் என்றொரு புதியவன், இஞ்சினுக்குக் கரி போடுகிறவன், பந்தோடு ஓடிய கேரை மறிக்கப் பாய்ந்தான். மணலைக் கிளப்பும் சோளகக் காற்று இன்னும் தொடங்காத காலம். மணல் இறுகித்தான் இருந்தது. ஆனாலும் அவன் கால் சறுக்கியது, அல்லது சறுக்கியது போலிருந்தது. விழும்போது அவன் வலது கை சுழன்றது. முஷ்டி மூடியிருந்தது. கேரின் காதை ஒரு விரலளவில் தாண்டிப் போயிற்று.

விசில் ஊதியாயிற்று. வீசினானா, விழுந்தானா? விழுகிறவன் கையை மூடுவானா? யான்ஸின் தாடைக்குப் பழிவாங்க நினைத்தானா? மஹ்மூது கோட்டோரம் நின்ற டொக்டரைப் பார்த்தார். டொக்டர் கொடியைத் தாழ்த்திப் பிடித்தபடி வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்.

"தண்டனை உதை, கப்பல்பக்கம்," என்றார் மஹ்மூது. பீலிங்கை வெளியே அனுப்பவில்லை.

கப்பல்காரர் அந்த உதையில் பந்தைக் கம்பத்துக்கு மேலால் அனுப்பி வென்றார்கள். ரயில்காரர், விழுந்தவனுக்குத் தண்டனையா என்று கூச்சலிட்டார்கள். வென்றவர்களும் சும்மா இருக்கவில்லை: தலைக்குக் குறிவைத்தால் வெளியே என்றாயே, ஏன் அனுப்பவில்லை என்று கேட்டார்கள். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. டொக்டரிடம் கேட்டபோது, "சறுக்கினான் என்று நினைக்கிறேன். சத்தியம் பண்ணமாட்டேன்," என்றார்.

மறுநாள் பின்னேரம் பீலிங் பரிசோதனைக் கொட்டகைக்கு வந்தான். சண்டைக்கு வந்தான் என்று நினைத்து மஹ்மூது எழுந்து நின்றார்.

"மாஸ்டர், ஒண்டு கேக்கவேணும். நான் அடிக்கத்தான் பாத்தனானோ?"

"அது உமக்கல்லோ தெரியும்?"

"எனக்குத் தெரியேல்ல. கால் சறுக்கினது உண்மை. கேரைக் கண்டவுடனே யான்ஸின்ர ஞாபகம் வந்ததும் உண்மை. கை ஏன் மூடினதெண்டு தெரியேல்ல. எல்லாரும் கேக்கினம். நீங்கள்தானே கிட்ட நிண்டனீங்கள்."

மஹ்மூது அவனைக் கதிரையில் இருக்கச் சொன்னார். வீசியவனுக்கே தெரியாத ஒன்றைப் பத்துக் கெஜம் தள்ளி நின்ற தான் எப்படி அறிவது? ஆனால் ஊதாமலும் இருந்திருக்க முடியாது.

"எனக்கும் தெரியேல்ல, தம்பி," என்றார். "நான் கையைத்தான் பாத்தனான். கைக்குத்தான் தண்டனை தந்தனான். மனசு தெரியாததாலதான் வெளிய அனுப்பேல்ல."

"அது சரியோ?"

"அதுவும் தெரியேல்ல."

பீலிங் தலையைச் சொறிந்தான். பிறகு, அடுத்த ஆட்டத்துக்கும் நீங்கள்தானே என்று கேட்டுவிட்டுப் போனான்.

மஹ்மூது இன்னும் ஆறு வருஷம் விசில் பிடித்தார். படாத உதைக்கும் ஊதுகிறவர் என்று இரு பக்கமும் அவரைத் திட்டின. ஆனால் வேறு ஆளைத் தேடவில்லை. அந்த வெளியில் அதற்குப் பிறகு ஒரு தாடையும் உடையவில்லை. படாத அடிக்காக அவர் வெளியே அனுப்பியவர்கள் இரண்டு பேர். அவர்களில் ஒருவனைப் பற்றி மட்டும் தனக்குச் சந்தேகமில்லை என்று ஸுஹறாவிடம் சொல்லுவார். எவனென்று அவள் கேட்டால், ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் யோசித்துத்தான் பெயரைச் சொல்லுவார்.