வடிகாலுக்கு அந்தப் பக்கம்

உத்திராபதியின் வீட்டில் காலையில் முதலில் பேசுவது டிராக்டர்தான். வேலை இருக்கிறதோ இல்லையோ, எழுந்ததும் வாசலுக்கு வந்து சாவியைத் திருப்புவார். டீ கொதித்து இறங்கும்வரை அது ஓடிக்கொண்டிருக்கும். மனைவி கமலவல்லி இறந்த பிறகு வந்த பழக்கம். மகள் பிரதீபா மஸ்கட்டிலிருந்து கூப்பிடும்போது, "அப்பா, முதல்ல அதை அணைங்க, ஒண்ணும் கேக்கல" என்பாள். அணைப்பார். பிறகு இருவருக்கும் பேச அதிகம் இருக்காது.

வீட்டுக்கு எதிரே சாலை. சாலையை ஒட்டி வடிகால். வடிகாலுக்கு அந்தப் பக்கம் அவருடைய வயல். வேட்டியைத் தூக்கிக் கட்டிக்கொண்டு ஆள் இறங்கிக் கடந்துவிடலாம். அறுவடை மெஷின் கடக்க முடியாது. அது தூரத்து மதகைச் சுற்றி, மேல்புறம் இருக்கும் அம்சவல்லியின் வயல் வழியாகத்தான் வரவேண்டும். போன வருஷம் அவள் முந்தி நட்டுவிட்டாள். வழி அடைபட்டது. உத்திராபதியின் குறுவை மழையில் சாய்ந்து, கதிரிலேயே முளைத்தது.

இந்தக் கோடையில் வடிகால் காய்ந்ததும் பாலம் போட இறங்கினார். நன்னிலத்திலிருந்து சிமெண்ட் குழாய்கள் வந்தன. சங்கிலி மாட்டி டிராக்டரால் இழுத்து உள்ளே இறக்கி, கடப்பாரையால் நெம்பிச் சேர்த்தார். மாடுகள் போன பிறகு சும்மா நின்ற கொட்டகைச் சுவரை இடித்து, அந்தக் கப்பியை டிப்பரில் கொண்டுவந்து மேலே கொட்டினார். அதன்மேல் மண். டிராக்டரை முன்னும் பின்னும் ஓட்டி மிதித்தார்.

ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அம்சவல்லி நின்று பார்த்தாள்.

"ராமரு பாலம் கட்டுனப்பகூட ஒத்தாசைக்கு ஒரு அணிலு இருந்துச்சு. உங்களுக்கு அதுவும் இல்லியேண்ணே."

"அணிலெல்லாம் திருப்பூருக்குப் போயிடுச்சும்மா."

அவள் சிரித்தாள். அன்று சாயங்காலம் சாப்பிடும்போது அந்தச் சிரிப்பு அவருக்கு ஞாபகம் வந்தது.

பல வருஷமாகத் தூர்வாராத வடிகால். மேட்டூர் திறக்கும் முன்பு, யாரும் எதிர்பார்க்காமல், தூர்வாரும் மெஷின் வந்தது. பாலத்துக்கு மேலும் கீழும் வண்டலை அள்ளிப்போட்டது. பாலத்தைத் தொடாமல் போய்விட்டது. அப்போதுதான் வடிகாலின் உண்மையான அடி தெரிந்தது. அவருடைய குழாய்கள் அதற்கு இடுப்பளவு மேலே இருந்தன. தரை என்று நம்பி அவர் வைத்தது வண்டலின்மேல். குறுவை அறுத்ததும் பிரித்து இறக்கி வைக்கலாம் என்று இருந்துவிட்டார்.

புரட்டாசிக் கடைசியில் நெல் பழுத்தது. அறுவடை மெஷின்காரன் வெற்றிசெல்வன் வெள்ளிக்கிழமை வருவதாகச் சொன்னான். புதன்கிழமை மழை பிடித்தது.

வியாழன் காலையில் ஆகாயத்தாமரை குழாய் வாய்களை அடைத்திருந்தது. தண்ணீர் எதிர்த்து ஏறி அம்சவல்லியின் வயலுக்குள் நின்றது. அவள் சம்பா நட்டு ஒரு வாரம்தான். நாற்றின் நுனி மட்டும் தெரிந்தது.

"பாலம் நீங்க போறதுக்குப் போட்டீங்களா, தண்ணி நிக்கிறதுக்குப் போட்டீங்களா?"

"நாளைக்கு மெஷின் வந்துடும். அறுத்ததும் பிரிச்சுடுறேன்."

"நாளைக்குள்ள பயிரு அழுவிடும்ண்ணே. திரும்ப நட எங்கிட்ட நாத்து இல்ல."

"பிரிச்சா எனக்கு வழி இல்லம்மா."

அவள் சேலையைச் செருகிக்கொண்டு இறங்கி, ஆகாயத்தாமரையைக் கையால் இழுத்துப் போட்டாள். இழுத்த இடத்தில் அடுத்தது வந்து அடைத்தது. அவர் கொஞ்சநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு வீட்டுக்குப் போய் டிராக்டரை எடுத்துவந்தார்.

"ஏறி ஓரமா நில்லும்மா."

சாலைப்பக்கக் கரை குழைந்து கிடந்தது. அங்கிருந்து இழுத்தால் டிராக்டர் வழுக்கும். அந்தப் பக்கம் களத்துமேடு கெட்டி. பாலத்தின்மேல் ஓட்டிக் கடந்தார். கப்பியை விலக்கிக் குழாயில் சங்கிலி மாட்டி இழுத்தார். முதல் குழாய் பெயர்ந்ததும் மீதியைத் தண்ணீரே தள்ளிக்கொண்டு போனது. கொட்டகைச் சுவரின் துண்டுகள் புரண்டன. சிலவற்றில் நீலம் இருந்தது, ஏதோ ஒரு பொங்கலுக்குக் கமலவல்லி அடித்தது.

"டிராக்டர் இந்தாண்ட மாட்டிக்கிச்சேண்ணே."

"உன் சம்பா அறுத்தப்புறம் வரட்டும்."

"தை மாசம் ஆவும்."

"ஆவட்டும்."

வெற்றிசெல்வனுக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றார். மறுநாள் காலை பிரதீபா கூப்பிட்டாள்.

"என்னப்பா, சத்தத்தையே காணும்?"

"இப்ப நல்லா கேக்குதுல்ல. பேசு."

"சாப்பிட்டீங்களா?" என்றாள்.

போனை வைத்துவிட்டு, டீயைக் குடித்துவிட்டு, அரிவாளை எடுத்துக்கொண்டு வடிகாலில் இறங்கினார். தண்ணீர் இடுப்புக்கு இருந்தது. நெல் பாதி சாய்ந்திருந்தது. களத்துமேட்டில் ஏறிச் சாவியைத் திருப்பினார். இன்ஜினை ஓடவிட்டு, வரப்போரத்தில் குனிந்து அறுக்க ஆரம்பித்தார்.

அம்சவல்லி தன் வரப்பிலிருந்து கத்தினாள்.

"எதுக்குண்ணே டீசலை வீணாக்குறீங்க?"

"ஓடட்டும்மா" என்றார். அந்தச் சத்தத்தில் அது அவளுக்குக் கேட்டிருக்காது.