ஒலானி ஊட்டிய ஒற்றைக் கவளம்

நம்பாதவர்கள் நம்ப வேண்டாம். பட்டப்பகலில், என் கண் முன்னே நடந்ததைச் சொல்கிறேன்.

எங்கள் ஊரான அம்போவிலிருந்து மூன்று பேர் கிளம்பினோம். எனக்கு நிச்சயம் செய்திருந்த ஒலானி, நான், என் சித்தி மகள் ஹாவி. அவளை யாரும் கூப்பிடவில்லை, அவளாகத் தொற்றிக்கொண்டாள். மலை உச்சியில், எரிமலையின் வாயில் தேங்கிய ஏரிக்குப் பெண்கள் இருவரும் வாடகைக் குதிரையில் இறங்கினோம். வழியெல்லாம் ஒலானி ஹாவியின் குதிரையைத்தான் பிடித்துக்கொண்டு நடந்தான். எனக்கு வயிறு எரிந்தது.

கரையில் பாய் விரித்து, ஒரே தட்டில் தோசை போன்ற இஞ்ஜெராவைப் பரப்பி, மேலே கோழிக்குழம்பை ஊற்றினேன். பிரியமானவருக்குக் கையால் ஊட்டுவது எங்கள் வழக்கம். ஆனால் ஒரு கவளத்தோடு நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் பகை. ஒலானி முதலில் யாருக்கு ஊட்டப்போகிறான்? என் கண் அவன் கையிலேயே இருந்தது.

அப்போதுதான் மூடுபனி இறங்கியது. எதிரே ஒலானி, அவன் வலப்பக்கம் ஹாவி. இரண்டு பேரும் நிழலாகத்தான் தெரிந்தார்கள்.

கவளத்தை உருட்டினான். கை நீண்டது... என் பக்கம் இல்லை, வலப்பக்கம். ஒரு தலை குனிந்து வாங்கிக்கொண்டது. கூந்தலிலிருந்து நீர் சொட்டியது.

சொட்... சொட்...

"ஊட்டியாச்சா? அவளையே கட்டிக்க," என்றேன்.

"உனக்குத்தானே ஊட்டினேன், எபிசே?"

"நான் எதிர்ல இருக்கேன்."

அவன் கை அப்படியே நின்றது. "அதான்... உதடு அவ்வளவு சில்லுனு இருந்துச்சா?"

மேலே மேட்டிலிருந்து ஹாவியின் குரல் கேட்டது. "எனக்கும் மிச்சம் வைங்க. இந்தக் குதிரை கட்டவே விட மாட்டேங்குது."

பாயைத் தொட்டேன். அவன் வலப்பக்கம் மட்டும் ஈரம். ஒரு ஆள் உட்கார்ந்த அளவுக்கு.

ஒலானி இரண்டாவது கவளத்தை உருட்டினான். வலப்பக்கம் நீட்டினான். "ஒன்னோட விடக் கூடாது, எபிசே..."

பயத்தைவிடப் பொறாமைதான் முந்திக்கொண்டது. அவன் கையைத் தட்டிவிட்டேன். கவளம் மண்ணில் விழுந்தது.

பனிக்குள் யாரோ மூச்சை இழுத்தார்கள்.

பிறகு ஏரியில்... ப்ளக்.

ஓடினோம்.

குதிரைக்காரர் எங்கள் முகத்தைப் பார்த்ததுமே, எத்தனை கவளம் என்று கேட்டார். ஒன்று என்றோம். ஏரியைப் பார்த்தபடி சொன்னார். முன்பு எப்போதோ அக்கரையில் ஒரு கல்யாண விருந்தாம். மாப்பிள்ளை மணப்பெண்ணுக்கு முதல் கவளத்தை ஊட்டிவிட்டு, இரண்டாவதை அவள் தோழிக்கு ஊட்டினானாம். மணப்பெண் எழுந்து நேராக ஏரிக்குள் நடந்துபோனாளாம்.

அடுத்த மாதம் எங்கள் கல்யாணம். ஒலானி முதல் கவளத்தை எனக்கு ஊட்டினான். இரண்டாவதை உருட்டினான். அவன் கை தானாக வலப்பக்கம் திரும்பியது. அங்கே யாரும் இல்லை. திரும்பி வந்தபோது கை காலியாக இருந்தது. கீழே ஒரு துணுக்கு கூட விழவில்லை.

இப்போது ஹாவி மேல் எனக்குப் பொறாமை இல்லை. கல்யாணமாகி ஏழு வருடம் ஆகிறது. இன்றுவரை எனக்குக் கிடைப்பது ஒரு கவளம்தான்.